வாய் அறுவை மருத்துவர்களின் பணித்தோரணையும் உடல்வலியும்

வாய் அறுவை மருத்துவர்களின் பணித்தோரணை என்பது, வாய்க்குள்ளும் தாடையிலும் முகத்திலும் அறுவை செய்யும் மருத்துவர், வேலை நடக்கும் நேரத்தில் தம் கழுத்து, முதுகு, தோள், கை, கால் ஆகியவற்றை எப்படி வைத்திருக்கிறார் என்பதைக் குறிக்கும். புதைந்து கிடக்கும் ஞானப்பல்லை எடுப்பதும், விபத்தில் உடைந்த தாடையைத் தகடு வைத்துப் பொருத்துவதும், வாய்ப்புற்றுநோய்க் கட்டியை அகற்றுவதும், பிளவுபட்ட அண்ணத்தைத் தைப்பதும் இவர்களுடைய வேலை. இந்த வேலைகள் அனைத்தும் ஒரு சிறிய, இருண்ட, ஈரமான இடத்துக்குள் நடக்கின்றன. அந்த இடத்தைப் பார்ப்பதற்காக மருத்துவர் தலையைக் குனிக்கிறார், உடலைத் திருப்புகிறார், கையைத் தூக்கிப் பிடிக்கிறார். அந்த நிலையிலேயே அரை மணி நேரமோ பல மணி நேரமோ நிற்கிறார். ஆண்டுகள் செல்லச் செல்ல இது வலியாகவும் நோயாகவும் மாறுகிறது.

பல் மருத்துவத் துறையில் உள்ளோரின் தசை, எலும்பு, மூட்டு நோய்கள் பற்றிப் பல நாடுகளில் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, 64 முதல் 93 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் இடத்தில் வலி இருப்பதாகக் காட்டியது. மருத்துவர்களுக்கு முதுகும் கழுத்துமே அதிகம் வலிக்கும் இடங்கள். பற்களைச் சுத்தம் செய்யும் பணியாளர்களுக்குக் கையும் மணிக்கட்டும் முன்னே நிற்கின்றன. ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை வேறுபடுவதற்குக் காரணம், வலி என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்டதுதான். வலி இல்லாதவர்களே சிறுபான்மை என்ற முடிவு மட்டும் எங்கும் மாறவில்லை.

பணிச்சூழலியல்

வேலையை மனித உடலுக்குப் பொருந்தும்படி அமைக்கும் அறிவியல் பணிச்சூழலியல் எனப்படும். வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை முறையாக எழுதியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமாசீனி. தொழிலாளர் நோய்கள் பற்றிய அவருடைய நூல் 1700-இல் வெளிவந்தது. உட்கார்ந்தே தைக்கும் தையற்காரர்களின் கூன், நின்றே வேலை செய்வோரின் கால் நரம்புப் புடைப்பு ஆகியவை அதில் இடம்பெற்றன. 1857-இல் போலந்து அறிஞர் வோய்சியெக் யஸ்ட்செம்போவ்ஸ்கி, வேலை, விதி என்ற இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இத்துறைக்கு இன்றுள்ள பெயரை உருவாக்கினார்.

பல் மருத்துவத்துக்கு இந்தச் சிந்தனை வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. 1871-இல் அமெரிக்கரான மாரிசன் காலால் மிதித்துச் சுழற்றும் பல் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தையல் இயந்திரம் போல ஒரு காலால் மிதித்துக்கொண்டே, மறு காலில் உடலின் எடை முழுவதையும் தாங்கி, குனிந்து பல்லைத் துளைக்க வேண்டியிருந்தது. மின்சாரம் வந்தபின் மிதிப்பது நின்றது, ஆனால் நிற்பதும் குனிவதும் தொடர்ந்தன. 1957-இல் காற்றின் வேகத்தால் நிமிடத்துக்கு மூன்று இலட்சம் சுற்றுச் சுழலும் ஏரோட்டர் வந்தது. 1958-இல் நோயாளி முழுமையாகச் சாய்ந்து படுக்கக்கூடிய பல் நாற்காலி அறிமுகமானது. நோயாளி படுத்துவிட்டதால் மருத்துவர் உட்கார முடிந்தது. 1960-களில் மருத்துவரின் இரு கைகளும் உதவியாளரின் இரு கைகளும் சேர்ந்து இயங்கும் நான்கு கை முறை பரவியது. இன்றைய பல் மருத்துவர் பெரும்பாலும் உட்கார்ந்தே வேலை செய்கிறார்.

வாய் அறுவை மருத்துவர் இந்த மாற்றத்தில் பாதியைத்தான் பெற்றார். பல்லைப் பிடுங்க வலு வேண்டும், வலு கொடுக்கப் பலர் நின்றுகொள்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பெரிய அறுவைகளில் நோயாளி கிடப்பது அறுவை மேசை, அங்கே பல் நாற்காலியின் வசதிகள் எதுவும் கிடையாது. ஆக, நின்று வேலை செய்யும் பொது அறுவை மருத்துவரின் கால்வலியும், குனிந்து வேலை செய்யும் பல் மருத்துவரின் கழுத்துவலியும் ஒருவருக்கே வந்து சேர்கின்றன.

வலி எப்படி உண்டாகிறது

நிமிர்ந்து இருக்கும்போது மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 4.5 முதல் 5.5 கிலோ. முதுகெலும்பு அதை நேராகத் தாங்குவதால் கழுத்துத் தசைகளுக்கு வேலை குறைவு. தலை முன்னே சாயும்போது அது நெம்புகோலின் முனையில் தொங்கும் பாரமாகிவிடுகிறது. கைப்பேசி பார்ப்பவர்களின் கழுத்தைப் பற்றி 2014-இல் வெளியான ஒரு கணக்கீடு, 15 பாகை குனிந்தால் கழுத்தின்மேல் விழும் விசை சுமார் 12 கிலோவாகவும், 30 பாகையில் 18 கிலோவாகவும், 60 பாகையில் 27 கிலோவாகவும் உயரும் என்று மதிப்பிட்டது. இது கணினி மாதிரியைக் கொண்டு போட்ட கணக்கு, உயிருள்ள கழுத்தில் அளந்தது அன்று. ஆயினும் குனிவு கூடக் கூடப் பாரம் எந்த அளவுக்கு ஏறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள அது போதும். கீழ்த்தாடையின் கடைசிப் பல்லை நேராகப் பார்க்க முயலும் மருத்துவரின் கழுத்து 30 பாகையைத் தாண்டுவது சாதாரணம்.

கழுத்தைக் குனிப்பது ஒரு பங்கு கேடு என்றால், குனிந்தபடி அசையாமல் இருப்பது இன்னொரு பங்கு. நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நடப்பவரைவிட, அரைச்செம்புத் தண்ணீரைக் கையை நீட்டிப் பிடித்து அசையாமல் நிற்பவர் விரைவில் களைத்துவிடுவார். தசை சுருங்கி விரியும்போது இரத்தம் உள்ளே வந்து போகிறது. சுருங்கிய நிலையிலேயே நின்றுவிட்டால் தசைக்குள் உள்ள நுண்குழாய்கள் நசுங்கி இரத்த ஓட்டம் குறைகிறது, கழிவுகள் தேங்குகின்றன, தசை வலிக்கிறது. மருத்துவர் கை அசையக் கூடாது என்பதற்காகத் தோளையும் முழங்கையையும் இறுக்கிப் பிடிக்கிறார். விரல் நுனியில் நிகழும் ஒரு மில்லிமீட்டர் அசைவுக்காகத் தோள்பட்டை முழுவதும் கல்லாக நிற்க வேண்டியிருக்கிறது.

முதுகைப் பற்றிய ஆராய்ச்சியில் சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் செய்த அளவீடுகள் புகழ்பெற்றவை. முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் எனப்படும் தட்டுக்குள் ஊசி செலுத்தி அவர் அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 என்று கொண்டால், சாய்மானமின்றி உட்காரும்போது அது சுமார் 140, உட்கார்ந்து முன்னே குனியும்போது சுமார் 185. உட்கார்ந்தால் முதுகுக்கு ஓய்வு என்ற பொது நம்பிக்கை இதனால் ஆட்டம் கண்டது. 1999-இல் செருமனியில் நடந்த அளவீடு, தளர்வாக உட்காரும்போது அழுத்தம் நிற்பதைவிடச் சற்றுக் குறைவு என்று காட்டி நாக்கெம்சனின் முடிவைத் திருத்தியது. முன்னே குனிந்தால் அழுத்தம் ஏறும் என்பதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை.

இவற்றால் வரும் நோய்கள் பல. கழுத்துத் தசை இறுக்கம், கழுத்தெலும்புத் தேய்மானம், டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துதல், இடுப்புவலி, தோள்மூட்டுத் தசைநாண் அழற்சி, கால் நரம்புப் புடைப்பு ஆகியவை முக்கியமானவை. கையில் வருபவை இரண்டு. மணிக்கட்டின் உட்புறம் உள்ள குறுகிய வழியில் நடு நரம்பு அழுந்துவது ஒன்று. இதில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகிய இடங்கள் மரத்துப்போகும், இரவில் எரிச்சல் கூடும். கட்டைவிரலின் அடியில் ஓடும் தசைநாண்களின் உறை வீங்குவது மற்றொன்று. அதற்கு, 1895-இல் அதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவெர்வெயினின் பெயர் வழங்குகிறது. குறட்டை அழுத்திப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பும் தொழிலுக்கு இரண்டுமே பொருந்திவரும் நோய்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்தி வெளியிட்ட தொழில்சார் நோய்ப் பட்டியலில் இவை இடம்பெற்றுள்ளன.

எந்தப் பல்லுக்கு எந்த நிலை

மருத்துவர் நிற்கும் இடத்தைக் கடிகார முகப்பைக் கொண்டு சொல்வது வழக்கம். படுத்திருக்கும் நோயாளியின் தலை உச்சிக்குப் பின்னால் இருப்பது 12 மணி. அவருடைய வலப்பக்கம் 9 மணி. வலக்கைப் பழக்கமுள்ள மருத்துவர், வலது கீழ்க் கடைவாய்ப் பற்களைப் பிடுங்க நோயாளியின் வலது பின்புறத்தில், அதாவது 10, 11 மணி வாக்கில் நிற்பார். மற்ற மூன்று பகுதிகளுக்கும் நோயாளியின் முன்னே வலப்பக்கத்தில், 7, 8 மணி வாக்கில் நிற்பார்.

மேற்பல்லை எடுக்கும்போது நாற்காலியைப் பின்னால் சாய்த்து, மேல்தாடைப் பற்களின் கடிதளம் தரைக்கு ஏறத்தாழ 60 பாகையில் இருக்கும்படி வைக்கப் பாடநூல்கள் சொல்கின்றன. நோயாளியின் வாய் மருத்துவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். கீழ்ப்பல்லுக்கு நாற்காலி நிமிர்ந்தும் தாழ்ந்தும் இருக்க வேண்டும், வாய் திறந்தபோது கீழ்ப்பற்களின் தளம் தரைக்கு இணையாக வர வேண்டும். மேற்பல்லை எடுத்தவுடன் அதே நோயாளிக்குக் கீழ்ப்பல்லையும் எடுக்க வேண்டியிருந்தால் நாற்காலியை மாற்றி அமைக்க வேண்டும் என்பது இதன் பொருள். கூட்டம் நிற்கும் நேரத்தில் பலர் நாற்காலியை மாற்றுவதில்லை, தங்களை மாற்றிக்கொள்கிறார்கள். தோள் உயர்கிறது, இடுப்பு ஒருபக்கம் சரிகிறது, பல்லும் வந்துவிடுகிறது. நாற்காலியின் பொத்தானை அழுத்த ஆகும் பத்து நொடி மிச்சமாகிறது.

பல் பிடுங்குவதில் வலு மணிக்கட்டிலிருந்து வரக் கூடாது. மணிக்கட்டை நேராகப் பூட்டி, முழங்கையை உடலோடு ஒட்டி, தோளும் உடலும் சேர்ந்து விசையைத் தர வேண்டும். பற்குழியின் எலும்பை மெதுவாக விரித்துக்கொடுப்பதே குறட்டின் வேலை. இழுத்துப் பிடுங்குவது அதன் வேலை அன்று. இதைச் சரியாகக் கற்றவர் நாளுக்கு இருபது பல் எடுத்தாலும் கை வீங்குவதில்லை. முதலாண்டுப் பயிற்சி மருத்துவரின் கை ஐந்தாவது பல்லிலேயே நடுங்கத் தொடங்கிவிடும். வலுக் குறைவு அதற்குக் காரணமில்லை, வலு தவறான இடத்திலிருந்து வருவதே காரணம்.

இடக்கைப் பழக்கமுள்ளவர்களின் பாடு தனி. துப்பும் கிண்ணம், கருவித்தட்டு, உறிஞ்சுகுழாய் எல்லாம் வலக்கைக்காரருக்கென்று பொருத்தப்பட்ட நாற்காலியில் அவர்கள் குழாய்களைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டியிருக்கிறது. இருபக்கமும் மாற்றிக்கொள்ளும் நாற்காலிகள் சந்தையில் உள்ளன, விலைதான் தடை.

வாய் திறக்காத நோயாளி

இந்தியாவில், குறிப்பாகப் பாக்கும் புகையிலையும் மெல்லும் பழக்கமுள்ள இடங்களில், மருத்துவரின் தோரணையைக் கெடுப்பதில் நோயாளியின் வாய்க்கும் பங்குண்டு. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவரின் வாய் அவருடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அளவுக்குத் திறக்கும், ஏறத்தாழ 35 முதல் 50 மில்லிமீட்டர். பாக்கு மெல்லுவோருக்கு வரும் வாய்ச்சளிப்படல நார்த்திசு நோயில் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நாண்போல் விறைத்து, வாய் திறப்பு 20 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். தமிழகத்தில் குட்காவும் பான்மசாலாவும் 2013-இல் தடை செய்யப்பட்டபோதும், ஏற்கெனவே இறுகிப்போன வாய்கள் மருத்துவமனைக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. அந்தக் குறுகிய இடைவெளிக்குள் கண்ணாடியும் கருவியும் வெளிச்சமும் ஒருங்கே நுழைய வேண்டும். மருத்துவர் ஒரு கண்ணால் எட்டிப் பார்ப்பதுபோல் கழுத்தை மடித்துத் திருப்புகிறார். முகம்பார்க்கும் சிறு கண்ணாடியைக் கொண்டு மறைமுகமாகப் பார்க்கலாம் என்ற வழக்கமான அறிவுரைகூட இங்கே உதவாது, கண்ணாடி நுழைந்தால் கருவி நுழையாது.

வாய்ப்புற்றுநோய் அறுவை இதைவிடக் கடுமை. கட்டியை அகற்றி, கழுத்தில் உள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்து, காலிலிருந்தோ முன்கையிலிருந்தோ தசையை இரத்தக்குழாயோடு கொண்டுவந்து பொருத்தி முடிக்க எட்டு, பத்து மணி நேரம் ஆகும். அண்ணப்பிளவு அறுவையில் குழந்தையின் தலையைப் பின்னால் சாய்த்து, மருத்துவர் தலைமாட்டில் அமர்ந்து, நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு, தலைகீழாகத் தெரியும் அண்ணத்தைத் தைக்கிறார். நெற்றி விளக்கின் எடை நூறு இருநூறு கிராம்தான். குனிந்த தலையில் அது முன்முனையில் தொங்குவதால் கழுத்துக்கு அது அற்பம் அல்ல.

சூரமங்கலமும் சேலம், நாமக்கல் சமவெளியும்

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்று சூரமங்கலம். சேலம் சந்திப்பு இரயில் நிலையம் இங்கேதான் உள்ளது. 2007-இல் தொடங்கிய தென்னக இரயில்வேயின் சேலம் கோட்டமும் இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. வாய், முக அறுவை மருத்துவத்துக்கு இந்தப் பகுதியில் தேவை மிகுதி. வடக்கு தெற்காகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-உம் கொச்சி நோக்கிச் செல்லும் 544-உம் சேலத்தில் சந்திக்கின்றன. தலைக்கவசம் இல்லாமல் இருசக்கர வண்டியில் விழுந்தவரின் தாடையும் கன்ன எலும்பும் உடைந்து வருவது இங்குள்ள மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல. அரியானூரில் விநாயகா மிஷன் சங்கராச்சாரியார் பல் மருத்துவக் கல்லூரியும், திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர். பல் மருத்துவக் கல்லூரியும், அருகே எளையாம்பாளையத்தில் பெண்களுக்கான விவேகானந்தா பல் மருத்துவக் கல்லூரியும் இருப்பதால் பயிற்சி பெறுவோரும் இப்பகுதியில் அதிகம்.

குனிந்து செய்யும் தொழில் சேலத்துக்குப் பழகிய ஒன்று. சூரமங்கலத்தை அடுத்த சிவதாபுரத்திலும் செவ்வாய்ப்பேட்டையிலும் வெள்ளிக் கொலுசு செய்வோர் தரையில் சம்மணமிட்டு, மார்புக்கு நேரே குனிந்து, கடுகளவு வளையங்களைக் கோத்துப் பற்றவைக்கிறார்கள். அம்மாப்பேட்டையிலும் குகையிலும் நெசவாளர்கள் குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து நாள்முழுக்கக் குனிகிறார்கள். கண்ணுக்கு அருகே சிறு பொருள், அசையாத தோள், மடங்கிய கழுத்து என்ற மூன்றும் கொலுசுப் பட்டறைக்கும் அறுவை அரங்குக்கும் பொது. ஒன்று மட்டும் வேறு. நெசவாளியின் தறி அவருடைய காலுக்கும் கைக்கும் ஏற்றபடி அமைந்தது. வாய் அறுவை மருத்துவருக்கு அந்த வாய்ப்புப் பெரும்பாலும் இல்லை.

இதற்குக் காரணம் தமிழகத்தில் இத்தொழில் நடக்கும் முறை. பல் மருத்துவப் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பாக வாய், முக அறுவையைப் படித்தவர்களில் பலர் தனக்கென்று ஒரே மருத்துவமனையை வைத்துக்கொள்வதில்லை. பொதுப் பல் மருத்துவர்கள் தங்களிடம் வரும் கடினமான ஞானப்பற்களைச் சேர்த்துவைத்து, குறிப்பிட்ட நாளில் அறுவை மருத்துவரை அழைக்கிறார்கள். காலையில் சூரமங்கலத்தில் ஒன்று, நண்பகலில் ஓமலூரில் ஒன்று, மாலையில் இராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ இரண்டு என்று அவர் சுற்றிவருகிறார். கருவிப்பையோடு பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ போகும் வழியில் வண்டியின் அதிர்வும் இடுப்புக்குச் சேர்கிறது. நெடுநேர வாகன அதிர்வு இடுப்புவலிக்குக் காரணம் என்பது லாரி ஓட்டுநர்களிடம் நன்கு அறியப்பட்ட செய்தி, லாரிகளின் ஊரான நாமக்கல்லுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போய்ச் சேரும் இடத்தில் உள்ள நாற்காலி அந்த மருத்துவமனை உரிமையாளரின் உயரத்துக்கும் பழக்கத்துக்கும் ஏற்றது. ஓர் இடத்தில் நாற்காலி போதிய அளவு உயராது, இன்னோர் இடத்தில் முக்காலி இறங்காது, மூன்றாவது இடத்தில் சுவரை ஒட்டி நாற்காலி போட்டிருப்பதால் 11 மணி நிலையில் நிற்கவே இடமிருக்காது. ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியே ஊதியம் என்பதால், வலிக்கிறது என்று ஒரு நாள் நின்றுவிட்டால் அந்த நாளின் வருமானம் இல்லை. அழைக்கும் மருத்துவர் வேறொருவரை அழைக்கத் தொடங்கிவிடலாம் என்ற அச்சமும் உண்டு. ஆகவே கழுத்துவலியைப் பற்றி வெளியே பேசுவது குறைவு. பணிச்சூழலியல் நூல்கள் சொல்லும் பெரும்பாலான அறிவுரைகள் தன் அறையைத் தானே அமைத்துக்கொள்ளும் மருத்துவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஊர் ஊராகச் செல்பவருக்கு அவற்றில் பாதி பயன்படாது. அவரால் கொண்டுசெல்ல முடிந்தவை கண்ணில் அணியும் உருப்பெருக்கி, நெற்றி விளக்கு, தனக்குப் பழகிய குறடுகள், நெம்பிகள் ஆகியவை மட்டுமே.

அளவிடும் முறைகள்

வலியைக் கேட்டறிய 1987-இல் வெளியான நோர்டிக் வினாத்தாள் உலகெங்கும் பயன்படுகிறது. உடலை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, கடந்த 12 மாதங்களிலும் கடந்த 7 நாட்களிலும் எங்கே வலித்தது, அதனால் வேலை தடைப்பட்டதா என்று அது கேட்கிறது. தோரணையை மதிப்பிட, 1993-இல் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த மெக்கட்டாம்னியும் கார்லெட்டும் உருவாக்கிய ரூலா என்ற முறை உள்ளது. மேற்கை, முன்கை, மணிக்கட்டு, கழுத்து, உடல் ஆகியவற்றின் கோணங்களைப் பார்த்து 1 முதல் 7 வரை மதிப்பெண் தரப்படுகிறது. 1, 2 என்றால் ஏற்கத்தக்கது, 7 என்றால் வேலைமுறையை உடனே மாற்ற வேண்டும். செலவில்லாத முறை இது. பக்கவாட்டில் எடுத்த ஒரு கைப்பேசிப் படமும் கோணமானியும் இருந்தால் கல்லூரி மாணவர்களே ஒருவரையொருவர் மதிப்பிட்டுக்கொள்ளலாம். தான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதாக உறுதியாக நம்பும் மாணவர் தன் படத்தைப் பார்த்துத் திகைப்பதே இதன் முதற்பயன்.

தணிக்கும் வழிகள்

நல்ல தோரணை என்று நூல்கள் குறிப்பது இது: தலையின் குனிவு 20 பாகைக்குள், உடல் நேராக அல்லது இடுப்பிலிருந்து சற்றே முன்சாய்ந்து, மேற்கைகள் விலாவை ஒட்டி, முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்தில், மணிக்கட்டு நேராக, இரு பாதங்களும் தரையில். இதை அடையும் வழிகளில் மிக மலிவானது நோயாளியிடம் பேசுவது. "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, தாடைய மேல தூக்குங்க" என்று சொன்னால் பெரும்பாலோர் உடனே செய்வார்கள். நோயாளி சில நிமிடம் தலையைத் திருப்பிவைப்பதால் அவருக்குக் கேடில்லை. அவருக்குச் சிரமம் தரக் கூடாது என்று மருத்துவர் தாமே வளைவது அந்த நாளில் வரும் அத்தனை நோயாளிகளுக்காகவும் வளைவதாகிவிடுகிறது. மேலே தொங்கும் விளக்கை மருத்துவரின் பார்வைக் கோட்டுக்கு இணையாக வைத்தால் நிழல் விழாது, நிழலைத் தவிர்க்கத் தலையை நகர்த்த வேண்டியும் இராது.

லூப் எனப்படும் உருப்பெருக்கிக் கண்ணாடி பொருளைப் பெரிதாக்குவதோடு, குறிப்பிட்ட தொலைவில் மட்டுமே தெளிவாகக் காட்டும். அந்தத் தொலைவை விட்டு மருத்துவர் முன்னே குனிந்தால் காட்சி மங்கிவிடும், அதனால் அவர் நிமிர்ந்தே இருக்க நேர்கிறது. 2.5 மடங்கு பெருக்கம் பொதுவேலைக்குப் போதுமானது. இதில் கவனிக்க வேண்டியது வில்லைகள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். அந்தச் சாய்வு குறைவாக இருந்தால் கண்ணாடி இருந்தும் கழுத்துக் குனியும், வலி முன்பைவிடக் கூடும். பிறர் முகத்துக்கு அளவெடுத்த லூப்பை மூத்தவரிடமிருந்து வாங்கி அணியும் மாணவர்களுக்கு இதுதான் நேர்கிறது.

குதிரைச் சேணம் போன்ற இருக்கை இடுப்பின் இயல்பான உள்வளைவைக் காக்கிறது. 2007-இல் பர்மிங்ஹாமில் பல் மருத்துவ மாணவர்களிடம் ரூலா முறையில் செய்த ஒப்பீட்டில், சேண இருக்கையில் இருந்தோரின் தோரணை வழக்கமான இருக்கையில் இருந்தோரைவிட மேலாக இருந்தது. கருவிகளில், மெல்லிய கைப்பிடியைவிட 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள, 15 கிராம் எடைக்கு மேற்படாத கைப்பிடியே விரல்களின் அழுத்தத்தைக் குறைக்கிறது. இரு கைக்கும் பொதுவாகத் தயாராகும் கையுறை கட்டைவிரலை உள்ளங்கையின் தளத்துக்கு இழுப்பதால் அதன் அடித்தசை நாள்முழுக்க எதிர்த்து உழைக்கிறது. வலது இடது என்று பிரித்த கையுறையும் சரியான அளவும் இந்தச் சிரமத்தைப் போக்கும்.

அறுவை அரங்கில் மேசையின் உயரம் தலைமை மருத்துவருக்கு ஏற்ப வைக்கப்படுகிறது. குட்டையான உதவி மருத்துவர் ஏறி நிற்க ஒரு மரப்பலகை கொடுப்பது எளிய ஏற்பாடு. பல் மருத்துவக் கல்லூரிகளில் இன்று மாணவியரே அதிகம் என்பதால் பலகையின் தேவையும் கூடியிருக்கிறது. கருவுற்ற மருத்துவர்களுக்குக் கடைசி மாதங்களில் நோயாளியை நெருங்க முடியாமல் கை நீளும், இடுப்பு முன்னே வளையும். அந்தக் காலத்தில் 12 மணி நிலையில் தலைமாட்டில் அமர்ந்து செய்யக்கூடிய வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

கன்னத்தையும் நாக்கையும் விலக்கிப் பிடித்திருக்கும் உதவியாளர்களைப் பற்றி ஆய்வுகள் குறைவாகவே பேசுகின்றன. மருத்துவரின் கையாவது அசைகிறது, இவர்களுடைய கை அசையவே கூடாது. மருத்துவருக்குப் பார்வை கிடைப்பதற்காக இவர்கள் பக்கவாட்டில் வளைந்து நிற்கிறார்கள், உட்கார இருக்கையும் பல இடங்களில் இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் வந்த திருத்தம், அச்சட்டத்தின் கீழ் வரும் இடங்களில் வேலைசெய்வோருக்கு இருக்கை வசதி தரவேண்டும் என்றது. துணிக்கடைப் பெண்களின் நெடுநாள் கோரிக்கையால் பேசப்பட்ட அந்த உரிமையைப் பல் மருத்துவமனை உதவியாளர்களோடு சேர்த்துப் பேசுவோர் இல்லை.

அறுவைக்கு நடுவே சில நொடிகள் கருவியைக் கீழே வைத்து, தாடையை உள்ளிழுத்துக் கழுத்தை நேராக்கி, தோள்பட்டைகளைப் பின்னே சேர்த்துத் தளர்த்துவது தசைக்கு இரத்தம் திரும்ப உதவும். மரப்பு ஊசி வேலைசெய்யக் காத்திருக்கும் ஐந்து நிமிடமும் இதற்கு ஏற்றது. முதுகு, வயிறு, தோள்பட்டைத் தசைகளுக்கு வாரத்தில் சில நாட்கள் வலுவூட்டும் பயிற்சி, வலி வந்தபின் செய்வதைவிட வரும்முன் செய்தால் பலன் அதிகம்.

எப்போது மருத்துவம் பார்க்க வேண்டும்

நாளிறுதியில் வந்து இரவு ஓய்வில் மறையும் வலி தசைக் களைப்பு. மறுநாள் காலையிலும் தொடரும் வலி, வாரயிறுதி ஓய்வுக்கும் அடங்காத வலி, கைக்கு இறங்கும் மின்னல் போன்ற வேதனை, விரல் மரப்பு, கருவி கைநழுவுதல் ஆகியவை நரம்பு அழுந்துவதன் அறிகுறிகளாக இருக்கலாம். தொடக்கத்தில் இயன்முறைச் சிகிச்சையும், மணிக்கட்டுக்கு இரவில் அணியும் பட்டையும், வேலை நேரக் குறைப்பும் பெரும்பாலும் போதும். நரம்பு அழுத்தம் முற்றியபின் அறுவை தேவைப்படும். மணிக்கட்டு அறுவைக்குப் பின் மரப்பு விரைவில் குறைந்தாலும் பிடிவலு முழுமையாகத் திரும்பச் சில மாதங்கள் ஆகும். அக்காலத்தில் புதைந்த பற்களையும் எலும்பு அறுக்கும் வேலைகளையும் தள்ளிவைத்து, தையல் பிரித்தல், சிறு கட்டிகளை அகற்றுதல், ஆடும் பற்களை எடுத்தல் போன்ற குறுகிய வேலைகளிலிருந்து மருத்துவர்கள் மீண்டும் தொடங்குகிறார்கள்.